தடையா, முற்றுகையா?

2025 ஜனவரி 14. வெள்ளை மாளிகையை விட்டு வெளியேற ஆறே நாட்கள் எஞ்சியிருந்த நிலையில், ‘பயங்கரவாதத்திற்கு ஆதரவளிக்கும் நாடுகள்’ என்னும் பட்டியலிலிருந்து கியூபாவை நீக்கும் முடிவை ஜனாதிபதி ஜோ பைடன் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு அறிவித்தார். கடந்த ஆறு மாதங்களில் கியூப அரசு சர்வதேசப் பயங்கரவாதத்திற்கு எவ்வித ஆதரவும் அளிக்கவில்லை என்று சான்றளிக்கும் ஆவணத்தில் அவர் கையொப்பமிட்டார். வாடிகனின் முயற்சியையொட்டி 553 சிறைவாசிகளைப் படிப்படியாக விடுவிப்பதாக ஹவானா அறிவித்தது. ஜனவரி 20 அன்று டொனால்டு டிரம்ப் பதவியேற்றார். அன்றைய தினமே அவர் கையெழுத்திட்ட ஆணைகளுள் ஒன்று பைடனின் முடிவை ரத்து செய்தது. அந்த ஆறு நாட்களில் கியூபாவில் எதுவும் மாறிவிடவில்லை. வாஷிங்டனில் பேனா பிடித்த கைதான் மாறியது.

ஜனவரி 29 அன்று டிரம்ப் பிறப்பித்த இன்னோர் ஆணை, கியூப மண்ணில் அமைந்த குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் 30,000 குடியேறிகளை அடைத்துவைக்க இடம் தயார் செய்யும்படி கூறியது. ஒரு தீவு நாட்டின் நிலத்தை அதன் விருப்பத்திற்கு மாறாகப் பிடித்து வைத்துக்கொண்டு, தான் நாடுகடத்த விரும்புவோரை அங்கே அடைக்கப் போவதாக அறிவிக்கும் அரசுதான் அந்தத் தீவைப் பயங்கரவாதத்தின் புரவலர் என்கிறது. ஜனவரி 31 அன்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ, அமெரிக்கர்கள் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாத கியூப நிறுவனங்களின் பட்டியலுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். புலம்பெயர்ந்தோர் தம் குடும்பத்தாருக்கு அனுப்பும் பணத்தைக் கையாளும் ஆர்பிட் நிறுவனம் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. (ரூபியோவின் பெற்றோர் கியூபாவை விட்டு அமெரிக்கா சென்றது 1956இல். அப்போது ஹவானாவில் ஆண்டுகொண்டிருந்தவர் பாடிஸ்டா. புரட்சி வெல்ல இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.)

செய்தித்தாள்கள் இவை அனைத்தையும் ‘கியூபா மீதான பொருளாதாரத் தடை’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றன. அது அமெரிக்க அரசு பயன்படுத்தும் ‘எம்பார்கோ’ என்ற சொல்லின் தமிழ் வடிவம். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு வணிகம் செய்ய மறுக்கிறது, அவ்வளவே என்ற பொருளை அது தருகிறது. ஒரு கடைக்காரர் ஒரு வாடிக்கையாளருக்குச் சரக்குக் கொடுக்க மறுப்பதைப் போன்ற தோற்றம் அதில் உண்டு. கியூப மக்கள் இதனை அவ்வாறு அழைப்பதில்லை. அவர்கள் மொழியில் இது ‘புளோக்கேயோ’, அதாவது முற்றுகை. கடைக்காரர் தாம் விற்க மறுப்பதோடு நிற்காமல், தெருவிலுள்ள மற்றக் கடைகளும் விற்கக் கூடாது, வண்டிக்காரர் சரக்கு ஏற்றக் கூடாது, வங்கி பணம் மாற்றக் கூடாது என்று தடியுடன் நின்றால் அதற்கு முற்றுகை என்பதே சரியான பெயர். பண்டைத் தமிழ் இலக்கணம் பகைவர் மதிலை வளைப்பதை உழிஞை என்றது. வளைக்கப்பட்ட மதிலை உள்ளிருந்து காப்பதைத் தொல்காப்பியம் உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட, பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதற்கு நொச்சி எனத் தனித்திணை வகுத்தது. வளைப்பவன் செயலையும் காப்பவன் செயலையும் ஒரே பெயரால் அழைப்பது போதாது என்று அந்த இலக்கண ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. ‘தடை’ என்ற சொல்லோ வளைப்பவனையும் காட்டாது, காப்பவனையும் காட்டாது.

விடுதலை என்ற பெயரில்

இரு நாடுகளின் உறவு 1959இல் கெட்டுப்போனதாகக் கதை சொல்வது வழக்கம். அதற்கு முன் அது எவ்வாறு இருந்தது என்பதைப் பார்க்காமல் பின்னர் நடந்தது விளங்காது.

ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்துக் கியூப மக்கள் முப்பது ஆண்டுகளாக விட்டுவிட்டுப் போர் நடத்தி, வெற்றியை நெருங்கிய வேளையில் 1898இல் அமெரிக்கா அப்போரில் நுழைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று பாரிசில் ஸ்பெயினும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டன. யாருடைய நாட்டைப் பற்றிப் பேசினார்களோ அந்த நாட்டவருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. அடுத்து அமெரிக்க ராணுவ ஆட்சி. அது விலக வேண்டுமாயின், அமெரிக்க நாடாளுமன்றம் 1901இல் நிறைவேற்றிய பிளாட் திருத்தத்தைக் கியூபா தன் அரசியல் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. கியூபா பிற நாடுகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களுக்கும் வாங்கும் கடனுக்கும் அத்திருத்தம் எல்லை வகுத்தது. வேண்டும்போது தலையிடும் உரிமையை அமெரிக்காவுக்கு வழங்கியது. கடற்படைத் தளத்திற்கு நிலம் கேட்டது. ஏற்காவிட்டால் படை விலகாது. அரசியல் நிர்ணய சபை 16க்கு 11 என்ற வாக்கில் அதை விழுங்கியது. பிளாட் திருத்தத்திற்குப் பிறகு கியூபாவுக்கு எஞ்சிய சுதந்திரம் மிகச் சொற்பமே என்று ராணுவ ஆளுநராக இருந்த லியோனார்டு உட் என்பவரே ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். ஏகாதிபத்தியத்தின் அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொள்ளும் கடிதங்களில் பல நேரங்களில் உண்மையே பேசுகிறார்கள்.

1903இல் எழுதப்பட்ட குத்தகையின்படி குவாண்டனாமோவுக்கு ஆண்டு வாடகை 2,000 தங்க டாலர். 1934இல் பிளாட் திருத்தம் நீக்கப்பட்டபோதும் தளம் நீங்கவில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலோ, அமெரிக்கா தானாகக் கைவிட்டாலோ அல்லாமல் குத்தகை முடியாது என்று புதிய உடன்படிக்கையில் எழுதி வைத்தார்கள். குடியிருப்பவர் விரும்பினால்தான் வீட்டுக்காரருக்கு வீடு திரும்பும் என்பது எந்த ஊர்க் குத்தகை? இன்றும் ஆண்டுதோறும் 4,085 டாலருக்கு ஒரு காசோலை வருகிறது. புரட்சி வென்ற ஆண்டின் குழப்பத்தில் ஒன்றே ஒன்று மாற்றப்பட்டதாக ஃபிடல் காஸ்ட்ரோ பின்னாளில் எழுதினார். மற்றவற்றைக் கியூபா மாற்றுவதில்லை.

வணிக உறவு இதே அச்சில் வார்க்கப்பட்டது. 1903ஆம் ஆண்டின் பரஸ்பர ஒப்பந்தம் கியூப சர்க்கரைக்கு அமெரிக்கச் சந்தையில் 20 விழுக்காடு சுங்கச் சலுகை அளித்தது. பதிலுக்கு அமெரிக்கத் தொழிற்பொருள்கள் 20 முதல் 40 விழுக்காடு சலுகையுடன் தீவுக்குள் பாய்ந்தன. 1934 முதல் சர்க்கரை ஒதுக்கீடு வந்தது. ஆண்டுதோறும் எவ்வளவு கியூப சர்க்கரையை வாங்குவது என்பதை வாஷிங்டன் முடிவு செய்யும். ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையிலிருந்து வரும் நாட்டில், அந்த ஒதுக்கீட்டை நிர்ணயிப்பவரே நிதிநிலை அறிக்கையை எழுதுபவர். அறுவடைக் காலத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளிக்குச் சில மாதங்கள் வேலை இருக்கும். எஞ்சிய மாதங்களைக் கியூப மக்கள் ‘செத்த காலம்’ என்றார்கள்.

1959இன் தொடக்கத்தில் கியூபாவின் கரும்பு நிலங்களில் சுமார் 40 விழுக்காடும், கால்நடைப் பண்ணைகளில் ஏறத்தாழ அனைத்தும், சுரங்கங்களில் 90 விழுக்காடும், மின்சாரம் முதலான பொதுச் சேவைகளில் 80 விழுக்காடும் அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருந்தன. இக்கணக்கைச் சொன்னவர் ஃபிடல் அல்லர். 1960 அக்டோபரில் சின்சினாட்டி நகரில் தேர்தல் பிரச்சாரம் செய்த ஜான் கென்னடி சொன்னது இது. பதினாறு மாதங்கள் கழித்து, 1962 பிப்ரவரி 3 அன்று, கியூபாவுடனான வணிகம் முழுவதையும் தடை செய்யும் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. கையெழுத்திடுவதற்கு முன் கியூபச் சுருட்டுகளை ஆயிரக்கணக்கில் வாங்கிவரத் தம்மை அனுப்பினார் என்றும், 1,200 கிடைத்த பிறகே பேனாவை எடுத்தார் என்றும் அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பிற்காலத்தில் எழுதினார்.

பதினெட்டு மாதங்கள்

புரட்சி அரசு எடுத்த எடுப்பில் அமெரிக்காவோடு முறித்துக்கொள்ளவில்லை. 1959 மே மாத நிலச்சீர்திருத்தச் சட்டம், பறிமுதல் செய்யப்படும் நிலத்திற்கு 20 ஆண்டுப் பத்திரங்களாக, 4.5 விழுக்காடு வட்டியுடன் இழப்பீடு தர முன்வந்தது. வரி கட்டுவதற்காக உடைமையாளர் காட்டியிருந்த மதிப்பே இழப்பீட்டுக்கு அடிப்படை. சிக்கல் அங்கேதான். வரிக்குக் காட்டிய மதிப்பும் சந்தை மதிப்பும் எவ்வளவு தொலைவில் நின்றன என்பதை அந்த நிறுவனங்களைவிட நன்கறிந்தவர் வேறு யாருமில்லை. பின்னாளில் கனடா, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகியவை கியூபாவுடன் பேசி இழப்பீட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டன. தீராத கணக்கு ஒன்றே.

ஒரே வாங்குநரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து வெளியேற வழி தேடி, 1959 ஜூன் இறுதியில் சே குவேரா இந்தியா வந்தார். நேருவைச் சந்தித்தார். அப்பயணம் எகிப்து, இந்தோனேசியா, ஜப்பான், யூகோஸ்லாவியா என நீண்டது. புரட்சியாளரின் உலகச் சுற்றுலா என்று அதை வருணிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது சந்தை தேடிச் சென்ற வணிகக் குழு. 1960 பிப்ரவரியில் சோவியத் துணைப் பிரதமர் மிகோயான் ஹவானா வந்து, ஆண்டுக்கு 10 லட்சம் டன் வீதம் ஐந்தாண்டுகளுக்குச் சர்க்கரை வாங்கவும், 10 கோடி டாலர் கடன் வழங்கவும் ஒப்பந்தம் செய்தார்.

அதன்பின் நிகழ்ச்சிகள் விரைந்தன. சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க டெக்சாக்கோ, எஸ்ஸோ, ஷெல் ஆகிய மூன்று நிறுவனங்களும் மறுத்தன. கியூபா அந்த ஆலைகளை எடுத்துக்கொண்டது. ஜூலையில் ஐசன்ஹோவர் சர்க்கரை ஒதுக்கீட்டில் 7 லட்சம் டன்னை வெட்டினார். அந்த 7 லட்சத்தையும் தானே வாங்குவதாக சோவியத் யூனியன் அறிவித்தது. ஆகஸ்டில் அமெரிக்க நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. அக்டோபரில் உணவும் மருந்தும் நீங்கலாக ஏற்றுமதிக்குத் தடை. 1961 ஜனவரி 3இல் தூதரக உறவு முறிந்தது. ஏப்ரலில் கூலிப்படை பன்றிகள் வளைகுடாவில் இறங்கி மூன்றே நாளில் தோற்றது.

இதற்கிடையே 1960 ஏப்ரல் 6 அன்று வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி லெஸ்டர் மெல்லரி தம் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. அத்துறையே பின்னர் வெளியிட்ட ஆவணத் தொகுதியில் அது இருக்கிறது. கியூப மக்களில் பெரும்பான்மையோர் காஸ்ட்ரோவை ஆதரிக்கின்றனர். திறனுள்ள எதிர்ப்பு ஏதும் இல்லை. எனவே பொருளாதார இன்னலால் மக்களை மனம் வெறுக்கச் செய்வதே எஞ்சியுள்ள வழி. பணமும் பண்டமும் கிடைக்காமல் செய்து, கூலியைக் குறைத்து, பசியையும் நம்பிக்கையின்மையையும் உண்டாக்கி அரசைக் கவிழ்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அரசியல் சுதந்திரத்தின் பொருட்டே இந்நடவடிக்கை என்று அறுபது ஆண்டுகளாகப் பேசப்படும் பேச்சுக்கு எதிரே இந்த ஒரு தாள் போதும். பெரும்பான்மை ஆதரவு இருக்கிறது என்பது தெரிந்தே, அந்தப் பெரும்பான்மையின் வயிற்றைக் குறிவைத்தார்கள்.

வளையம் இறுகும் விதம்

சோவியத் உறவு கியூபாவை வாழவைத்தது. கூடவே சர்க்கரையிலேயே கட்டியும் வைத்தது. 1970இல் ஒரு கோடி டன் இலக்கு வைத்து நாட்டின் ஆற்றல் முழுவதையும் கரும்பு வயலுக்குள் இறக்கியபோது 85 லட்சம் டன் கிடைத்தது. பிற துறைகள் அதற்கு விலை கொடுத்தன. 1991இல் சோவியத் யூனியன் சிதைந்தபோது, சில ஆண்டுகளுக்குள் கியூபாவின் உற்பத்தி மதிப்பு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அண்டை வீடு தீப்பற்றி எரியும் நேரத்தில் கிணற்றுக்கு வேலி போடுபவரை என்னவென்று சொல்வது? 1992இல் அமெரிக்கா டோரிசெல்லி சட்டத்தைக் கொண்டுவந்தது. பிற நாடுகளில் இயங்கும் அமெரிக்கக் கிளை நிறுவனங்கள் கியூபாவுக்கு விற்பதை அது நிறுத்தியது. 1991இல் மட்டும் அவ்வணிகம் 70 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி உணவும் மருந்தும். கியூபத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல் 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றது. சரக்குக் கப்பல் நிறுவனம் எதுவாயினும் கணக்குப் போட்டுப் பார்க்கும்: ஒரு கோடி மக்கள் கொண்ட தீவின் துறைமுகமா, உலகின் மிகப்பெரிய சந்தையின் துறைமுகங்களா? கப்பல் வரத் தயங்கினால் சரக்குக் கூலி ஏறும். அந்தக் கூலி ஹவானாவின் பால்பவுடர் விலையில் போய்ச் சேரும்.

1996ஆம் ஆண்டின் ஹெல்ம்ஸ்–பர்ட்டன் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தடையை நீக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடமிருந்து எடுத்து நாடாளுமன்றத்திடம் கொடுத்தது. கியூபாவில் எத்தகைய அரசு அமைந்தால் தடை நீங்கும் என்பதையும் அச்சட்டமே வரையறுக்கிறது. ஃபிடலோ ரவுலோ அதில் இடம்பெறக் கூடாது என்பது வரை எழுதப்பட்டிருந்தது. பிளாட் திருத்தத்தைப் படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானது. கனடாவின் ஷெரிட் நிறுவனம் கியூபாவில் நிக்கல் சுரங்கம் நடத்தியது. அதன் நிர்வாகிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாமல் போயிற்று. நாட்டுடைமையான சொத்தைப் பயன்படுத்தும் எந்நாட்டு நிறுவனத்தின் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்ற மூன்றாம் பிரிவை, கிளிண்டன் முதல் எல்லா ஜனாதிபதிகளும் ஒத்திவைத்தே வந்தார்கள். 2019 மே மாதம் டிரம்ப் அதைத் திறந்துவிட்டார்.

வங்கியின் வழியாக இறுகும் வளையம் கண்ணுக்குத் தெரியாதது. கியூபா, ஈரான், சூடான் ஆகிய நாடுகளுக்கான பணப் பரிமாற்றங்களைக் கையாண்டதற்காக பிரான்சின் பி.என்.பி. பாரிபா வங்கி 2014இல் அமெரிக்க அரசுக்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் அபராதம் கட்டியது. அன்று தொட்டு, கியூபாவின் பெயரைக் கண்டாலே பல ஐரோப்பிய வங்கிகள் கோப்பை மூடிவிடுகின்றன. சட்டம் அனுமதிக்கும் பரிமாற்றத்தையும் அச்சம் அனுமதிப்பதில்லை. பயங்கரவாதப் பட்டியலில் பெயர் இருப்பதன் நடைமுறைப் பொருள் இதுவே. ஸ்பெயினிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ ஒருவர் வரதேரோ கடற்கரையில் ஒரு வாரம் தங்கிவந்தால், விசா இன்றி அமெரிக்கா செல்லும் வசதியை அவர் இழக்கிறார். சுற்றுலாவை நம்பி வாழும் தீவுக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை.

2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, கியூபாவுக்குச் செயற்கைச் சுவாசக் கருவிகளை விற்றுவந்த இரு சுவிஸ் நிறுவனங்கள் இனி விற்க இயலாது என்று தெரிவித்தன. காரணம், அவற்றை ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கிவிட்டது. சுமார் அதே நாட்களில், கியூபாவின் 52 மருத்துவப் பணியாளர்கள் இத்தாலியின் லொம்பார்தி மாநிலத்துக் கிரேமா நகரில் நோயாளிகளைக் காத்துக்கொண்டிருந்தார்கள். கியூபா தன் சொந்த ஆய்வகங்களில் அப்தாலா, சொபெரானா தடுப்பூசிகளை உருவாக்கியது. 2021 செப்டம்பரில் இரண்டு வயதுக் குழந்தைகள் வரை தடுப்பூசி போடத் தொடங்கிய முதல் நாடு அது.

‘பயங்கரவாத ஆதரவு’ என்ற குற்றச்சாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொலம்பிய அரசுக்கும் கெரில்லாக்களுக்கும் இடையிலான அமைதிப் பேச்சுக்குக் கியூபா இடம் கொடுத்தது. பேச வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்க மறுத்தது என்பதே 2021இல் மீண்டும் பட்டியலில் சேர்க்கச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். பின்னர் கொலம்பியாவே அக்கோரிக்கையைக் கைவிட்டது. கியூபாவை நீக்கும்படி கேட்டுக்கொண்டது. 2024 மே மாதம், பயங்கரவாத எதிர்ப்பில் முழுமையாக ஒத்துழைக்காத நாடுகளின் பட்டியலிலிருந்து கியூபாவை அமெரிக்க வெளியுறவுத் துறை நீக்கியது. ஆக, ஒத்துழைக்கும் நாடாகவும் ஆதரவளிக்கும் நாடாகவும் ஒரே நேரத்தில் கியூபா விளங்கியது! 1976 அக்டோபரில் பார்படோஸ் அருகே கியூபப் பயணிகள் விமானத்தைக் குண்டு வைத்து வீழ்த்தி 73 பேரைக் கொன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட லூயிஸ் போசாதா கரீலெஸ், 2018இல் இறக்கும்வரை ஃபுளோரிடாவில் சுதந்திரமாக நடமாடினார்.

‘கோழிக்கறி விற்கிறோமே’

முற்றுகை என்று சொல்வது மிகை என்று வாதிடுவோர் ஒரு சான்றைத் தவறாமல் காட்டுவார்கள். அமெரிக்காவிலிருந்து கியூபாவுக்குக் கோழிக்கறி போகிறது. உண்மை. 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வேளாண் பொருள்களின் விற்பனையை அனுமதித்தது. 2001இல் மிச்செல் புயல் அடித்த பிறகு அவ்வணிகம் தொடங்கியது. ஆனால் கடன் கிடையாது. முன்பணமாக முழுத் தொகையும் கட்டினால்தான் சரக்கு. கியூபா பதிலுக்கு அங்கே தன் சர்க்கரையையோ நிக்கலையோ மருந்தையோ விற்க முடியாது. ஆர்கன்சா, ஜார்ஜியா மாநிலக் கோழிப் பண்ணை முதலாளிகள் தம் செனட்டர்களுக்குக் கொடுத்த அழுத்தத்தால் விழுந்த ஓட்டை அது. விற்பவர் இலாபத்துக்குத் திறந்த ஒற்றைக் கதவை வணிக உறவு என்று காட்டுவது பொருந்தாது.

இரண்டாவது வாதம் கனமானது. கியூபாவின் இன்னலுக்கெல்லாம் முற்றுகையே காரணமா, அதன் சொந்தத் தவறுகள் இல்லையா என்பது அது. தவறுகள் உண்டு. அவற்றை மறைப்பது கியூபாவுக்குச் செய்யும் உதவி ஆகாது. 1980களில் ஆண்டுக்கு 70, 80 லட்சம் டன் சர்க்கரை எடுத்த நாடு இன்று 5 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. இரட்டை நாணய முறையை ஒழிக்கும் சீர்திருத்தத்தைச் சுற்றுலா முடங்கிக் கிடந்த 2021 ஜனவரியில் தொடங்கியதால் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. வேளாண்மையில் நிர்வாகத் தளை மிகுதி. 2021 ஜூலை 11இல் தெருவில் இறங்கியோர் அனைவரும் மயாமியின் கூலிகள் அல்லர். அவர்களுள் உண்மையான மனக்குறை உடையோர் இருந்ததை ஜனாதிபதி மிகேல் தியாஸ்-கனேலே ஒப்புக்கொண்டார். ஆனால் எல்லா நாட்டு அரசுகளும் தவறு செய்கின்றன. பிற நாடுகள் தவறு செய்தால் கடன் வாங்கிச் சமாளிக்கும். கியூபா உலக வங்கியிலும் சர்வதேச நிதியத்திலும் உறுப்பினர் இல்லை, தனியார் வங்கி அஞ்சுகிறது, கப்பல் தயங்குகிறது. பிற நாட்டில் ஒரு மோசமான ஆண்டாக முடிவது அங்கே ஒரு தலைமுறையின் புலம்பெயர்வாக முடிகிறது.

2024 அக்டோபர் 18 அன்று மத்தான்சாஸ் அருகிலுள்ள அந்தோனியோ கிதெராஸ் அனல்மின் நிலையம் நின்றதும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. இரண்டு நாளில் ஆஸ்கார் புயல், நவம்பரில் ரஃபேல் புயல். பழைய கொதிகலன்களுக்கு உதிரிபாகம் வேண்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்க உள்ளடக்கம் கொண்ட கருவியை எந்நாட்டவரும் அமெரிக்க உரிமம் இன்றி விற்க முடியாது. எரிபொருள் வேண்டும், 2019 முதல் வெனிசுவேலா எண்ணெயைக் கியூபாவுக்கு ஏற்றிச்சென்ற கப்பல்கள் பெயர் குறிப்பிட்டுத் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. மின்நிலையப் பராமரிப்பில் கியூப நிர்வாகம் பிழை செய்ததா? செய்திருக்கலாம். அந்தப் பிழையைத் திருத்தும் வழியில் யார் குறுக்கே நிற்கிறார்கள் என்பதும் கேள்விதான். 2022 நிதியாண்டில் மட்டும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கியூபர்கள் அமெரிக்க எல்லையை அடைந்தார்கள். கியூபருக்கு மட்டும் நிரந்தரக் குடியுரிமையை எளிதாக்கும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பக்கம் அழைக்க, முற்றுகை மறுபக்கம் தள்ளுகிறது. கிளம்புவோரில் மருத்துவரும் பொறியாளரும் அதிகம்.

மூன்றாவதாக, ஒரு கட்சி ஆட்சி என்பதால்தான் இந்தக் கடுமை என்று சொல்வார்கள். கென்னடி கையெழுத்திட்ட அதே பிப்ரவரி 3ஆம் நாளில், 1994இல், வியட்நாம் மீதான தடையை கிளிண்டன் நீக்கினார். அமெரிக்கா அங்கே போரில் 58,000 படையினரை இழந்திருந்தது. வியட்நாமில் ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சியே. சீனாவிலும் அதுவே. சவுதி மன்னருக்கு ஆயுதம் விற்பதில் எந்தச் சங்கடமும் எழவில்லை. ஆகவே ஆட்சிமுறை காரணம் அன்று. ஃபுளோரிடாவிலிருந்து 90 மைல் தொலைவில், ஒரு காலத்தில் முழுக்கத் தன் உடைமையாய் இருந்த தீவு கையை விட்டுப் போனதை மன்னிக்க முடியவில்லை. மயாமியின் வாக்குக் கணக்கு அந்த மன்னியாமைக்குத் தீனி போடுகிறது. 2014 டிசம்பரில் ஒபாமாவும் ரவுலும் உறவைச் சீரமைக்க முன்வந்து, 2015 ஜூலையில் தூதரகங்கள் திறந்தபோதுகூட முற்றுகைச் சட்டங்கள் அப்படியே இருந்தன. திறந்த கதவை அடுத்து வந்தவர் ஓர் ஆணையில் மூட முடிந்தது அதனால்தான்.

டெல்லியின் கை

2024 அக்டோபர் 30 அன்று ஐ.நா. பொதுச்சபை 32ஆம் முறையாக முற்றுகையைக் கண்டித்து வாக்களித்தது. ஆதரவு 187; எதிர்ப்பு 2, அமெரிக்காவும் இஸ்ரேலும்; மால்டோவா நடுநிலை. 1992இல் முதல் தீர்மானத்திற்குக் கிடைத்த ஆதரவு 59 மட்டுமே. இந்தியா தொடர்ந்து கியூபாவின் பக்கமே வாக்களித்து வருகிறது. அது பாராட்டுக்குரியது. ஆனால் வாக்குக்கு வெளியே? 2019 மே மாதம் அமெரிக்கா விலக்கை நிறுத்தியதும் ஈரான் எண்ணெய் வாங்குவதை மோடி அரசு நிறுத்தியது. ஒரு கோடி மக்கள் தீவை இறுக்கும் அதே கயிற்றின் இன்னொரு முனை 140 கோடி மக்கள் நாட்டின் எண்ணெய்க் கணக்கையும் எட்டுகிறது.

கியூபாவுடனான உறவு தானம் செய்யும் உறவாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஹவானாவின் மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்துடன் கூட்டுச் சேர்ந்து, தலை–கழுத்துப் புற்றுநோய்க்கான மருந்தை பெங்களூருவின் பயோகான் 2006இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கியூபாவின் நுரையீரல் புற்றுநோய்த் தடுப்பு மருந்தைத் தம் நோயாளிகளுக்குச் சோதித்துப் பார்க்க நியூயார்க் மாநிலத்து ரோஸ்வெல் பார்க் மருத்துவமனை தன் அரசிடம் தனி உரிமம் பெற வேண்டியிருந்தது. முற்றுகை அமெரிக்க நோயாளியையும் வெளியே நிறுத்துகிறது. இந்திய நோயாளிக்கு அந்தத் தளை இல்லை.

1992இல், சோவியத் உதவி அற்றுப்போன கியூபாவுக்கு, ஹர்கிஷன் சிங் சுர்ஜித்தின் முன்முயற்சியில் இடதுசாரி இயக்கம் விவசாயிகளிடமும் தொழிலாளிகளிடமும் திரட்டிய 10,000 டன் கோதுமை கப்பலேறிச் சென்றது. நரசிம்ம ராவ் அரசு குறுக்கே நிற்கவில்லை. இன்றைய தேவை கோதுமையோடு நிற்பதன்று. மருந்துக்கான மூலப்பொருள், அரிசி, சூரிய மின்தகடு, உதிரிபாகம் ஆகியவற்றை டாலரைத் தொடாமல் வாங்க ஒரு வழி வேண்டும். வழி புதிதன்று. ஈரான் எண்ணெய்க்கு ரூபாயில் பணம் செலுத்த 2012இல் கொல்கத்தாவின் யூகோ வங்கி பயன்பட்டது. அமெரிக்காவில் இழக்க அதிகம் இல்லாத வங்கி என்பதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 2022 ஜூலையில் ரூபாயில் பன்னாட்டு வணிகம் நடத்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. 2023இல் அரசு நாடாளுமன்றத்தில் அளித்த 18 நாடுகளின் பட்டியலில் ரஷ்யா, ஜெர்மனி, சிங்கப்பூர், இலங்கை, மொரிஷியஸ் ஆகியவற்றின் வங்கிகள் இருந்தன, கியூபா இல்லை. அதைச் சேர்க்க நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. இந்திய வங்கி ஒன்று முன்வர வேண்டும். 2025 வரை அதற்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதலும் தேவைப்பட்டது.